சீரியல் குழுவை மேடையேற்றும்போது: ஒரே ஒரு காட்சி போதும்

சீரியல் நடிகர்களையும் இயக்குநரையும் வசனகர்த்தாவையும் ரசிகர்கள் முன்னால் உட்கார வைத்துப் பேச வைக்கும் நிகழ்ச்சிகள் இப்போது நிறைய நடக்கின்றன. கல்லூரியின் ஊடகத் துறையில், குடியிருப்புச் சங்க ஆண்டு விழாவில், மகளிர் அமைப்புகளில் என்று எங்கே நடந்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. பொன்னாடை, ‘உங்க சப்போர்ட்டாலதான் நாங்க’, ஒரு பாட்டுக்கு நாலு ஸ்டெப், பிறகு செல்ஃபி. தினமும் 22 நிமிடம் ஒரு கதையைச் செய்துகொடுப்பவர்கள் கண்ணெதிரே ஒன்றரை மணி நேரம் இருந்தும், அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு வரிகூடத் தெரியாமல் கூட்டம் கலைந்துபோகிறது. சீரியல் பார்ப்பவர்களைக் குறைத்து எடைபோடுவதால் வரும் வினை இது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயது அம்மாவுக்கு, கதையில் எந்த நகை எந்த வாரம் அடகுக்குப் போனது என்று எழுதியவரைவிட நன்றாக நினைவிருக்கும். அவருக்குத் தகுந்த நிகழ்ச்சியாக அது இருக்க வேண்டும்.

இந்த வகை நிகழ்ச்சிக்கு நல்ல வடிவம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1984 முதல் நடந்துவரும் பேலிஃபெஸ்ட் தொலைக்காட்சி விழாவில், தொடரின் ஒரு எபிசோடையோ சில பகுதிகளையோ முதலில் திரையில் போடுவார்கள். விளக்கு எரிந்ததும் குழு மேடைக்கு வரும். நெறியாளர் பேச்சை நடத்துவார். கடைசிப் பகுதி பார்வையாளர்களுடைய கேள்விகளுக்கு. பார்த்த சூடு ஆறுவதற்குள் பேச்சு தொடங்குவதுதான் இதன் பலம். நம் மேடைக்கு முழு எபிசோடும் தேவையில்லை. ஒரு காட்சி போதும். ஆனால் அந்தக் காட்சியைச் சுற்றித்தான் மொத்தப் பேச்சும் ஓட வேண்டும்.

என்ன மாதிரிக் காட்சி? இரண்டரை முதல் மூன்று நிமிடம். ஏற்கெனவே ஒளிபரப்பானது, ஒரு மாதத்துக்குள் வந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. மேடைக்கு வருபவர்களில் குறைந்தது மூன்று பேருடைய வேலை அதில் தெரிய வேண்டும். ஆளாளுக்கு உரத்துப் பேசும் சண்டைக் காட்சியைத்தான் சேனல் தரப்பு பரிந்துரைக்கும், புரோமோவில் ஓடியது அதுதான் என்பதால். அதைத் தவிர்த்து, பேச்சு குறைவாக இருக்கும் காட்சியைக் கேட்டு வாங்குங்கள்.

உதாரணத்துக்கு, கூடத்தில் மாமியார் காத்திருக்க, மருமகள் காபி டம்ளரைக் கையில் கொடுக்காமல் டீப்பாயில் வைத்துவிட்டுப் போகிறாள் என்று ஒரு காட்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வசனகர்த்தாவிடம் முதல் கேள்வி: டம்ளரைக் கீழே வைப்பது சீன் பேப்பரிலேயே இருந்ததா, இல்லை செட்டில் வந்ததா? இயக்குநரிடம்: கூடத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள், ஏழு பேருக்கும் தனித்தனியாக ரியாக்‌ஷன் ஷாட் எடுத்தீர்களா, அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது? எடிட்டரிடம்: அந்த ஏழில் எதை முதலில் வைத்தீர்கள், ஏன் மாமியார் முகத்தைக் கடைசிக்குத் தள்ளினீர்கள்? மருமகளாக நடித்தவரிடம்: வைக்கும்போது டம்ளரில் நிஜமாகவே காபி இருந்ததா? மாமியாராக நடித்தவரிடம்: அந்த க்ளோசப் எடுக்கும்போது மருமகள் எதிரில் நின்றாரா, அல்லது தன் ஷாட்டை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாரா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் அரங்கமே நிமிர்ந்து உட்காரும். எதிரில் யாரும் இல்லாமல், உதவி இயக்குநர் கையைத் தூக்கிக் காட்டிய இடத்தைப் பார்த்து அழுவது சீரியலில் அன்றாட வேலை. பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

ஐந்து பேர், ஐந்து கேள்வி, ஒரே டம்ளர். நாற்பது நிமிடம் ஓடியதே தெரியாது. இதற்குப் பதிலாக ‘உங்கள் பயணம் எப்படி இருந்தது’, ‘இந்தக் கேரக்டரில் நடித்த அனுபவம் எப்படி’ என்று கேட்டால், எல்லாப் பேட்டியிலும் சொன்னதையே அவர்கள் மறுபடி சொல்வார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும்.

ஆள் சேர்ப்பதில்தான் முதல் சிக்கல். மேடையில் நெறியாளரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவர் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டே சும்மா இருக்க வேண்டியிருக்கும். அது அவருக்கு அவமரியாதை. ஐந்து பேர் வேண்டுமென்றால் ஏழு பேரிடம் கேட்டு வையுங்கள். சீரியல் கால்ஷீட் கடைசி நேரத்தில் மாறும் இயல்புடையது. ஒளிபரப்பாகும் எபிசோடுக்கும் எடுத்து வைத்திருப்பதற்கும் இடையில் இருக்கும் கையிருப்பை பேங்க் என்பார்கள். அது குறைந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் ஷூட்டிங் வைத்துவிடுவார்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பெப்சி (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) தொழிலாளர்களுக்கு விடுமுறை என்பதால், நிகழ்ச்சியை அந்த நாளில் வைப்பதே பத்திரம். அப்போதும் காலை 10 மணி வேண்டாம். சனிக்கிழமை ஷூட்டிங் இரவு நெடுநேரம் இழுத்திருக்கும். மாலை 4 மணிக்கு மேல் வையுங்கள்.

கேட்கும் வரிசையும் உண்டு. முதலில் தயாரிப்பு நிறுவனத்தின் மேனேஜர், அடுத்து சேனலின் மக்கள் தொடர்புப் பிரிவு, அதன் பிறகுதான் நடிகர்கள். நேரடியாக நடிகையிடம் பேசி அவரும் சரி என்று சொல்லிவிட, சேனல் அனுமதி வராமல் இரண்டு நாள் முன்பு எல்லாம் ரத்தாவது அடிக்கடி நடக்கிறது. நடிகரின் ஒப்பந்தத்தில், தொடரைப் பற்றிப் பொதுவெளியில் பேச அனுமதி வாங்க வேண்டும் என்று இருக்கலாம். மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள். நாள், நேரம், அரங்கம், திரையிடப்போகும் காட்சியின் எபிசோட் எண், வீடியோ எடுப்பீர்களா, அது எங்கே வெளியாகும் என்ற ஆறும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். சன்மானம் உண்டா இல்லையா என்பதையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது நல்லது. வண்டி, மேக்கப் உதவியாளர் செலவு ஆகியவற்றையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

நடிகர்களே வர முடியாமல் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள். 2023 ஜூலை 14 அன்று அமெரிக்க நடிகர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, தங்கள் தொடர்களை விளம்பரப்படுத்தும் எந்த மேடையிலும் உறுப்பினர்கள் ஏறக்கூடாது என்ற விதி இருந்தது. அதற்கு அடுத்த வாரம் நடந்த சான் டியாகோ காமிக்-கான் விழா, பெரும்பாலும் நட்சத்திரங்கள் இல்லாமலேயே நடந்து முடிந்தது. நம் ஊரில் காரணம் சின்னதாக இருக்கலாம், விளைவு ஒன்றுதான். எடிட்டர், கலை இயக்குநர், உடை வடிவமைப்பாளர், டப்பிங் கலைஞர் இவர்களில் இரண்டு பேர் கட்டாயம் வருவதாக இருந்தால் நிகழ்ச்சி கவிழாது.

டப்பிங் கலைஞரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சீரியல்களில் கதாநாயகிகள் பலருக்குத் தாய்மொழி கன்னடம், மலையாளம் அல்லது தெலுங்கு. செட்டில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக பிராம்ப்ட் செய்வார், நடிகை அதைக் கேட்டு நடிப்பார், குரல் பிறகு வேறொருவர் கொடுப்பார். மேடையில் அந்த நடிகை மைக்கைப் பிடித்துத் தயங்கித் தயங்கித் தமிழ் பேசும்போது அரங்கில் ஒரு சலசலப்பு எழும். அவர் கூசிப்போவார். அதைத் தவிர்க்க எளிய வழி, குரல் கொடுப்பவரையும் மேடைக்கு அழைத்து அவர் பக்கத்தில் உட்கார வைப்பது. காட்சியை ஒருமுறை ஒலியில்லாமல் ஓடவிட்டு, டப்பிங் கலைஞரை அங்கேயே நேரில் பேசச் சொல்லுங்கள். உதட்டசைவுக்கு ஏற்ப வார்த்தையைச் சுருக்குவதும் நீட்டுவதும், அழுகைக்கு மூச்சை எங்கே வாங்குவது என்பதும் கண்முன்னே தெரியும். ஒன்றரை நிமிடப் பகுதி போதும். ஒருவர் முகத்தையும் இன்னொருவர் குரலையும் சேர்த்துத்தான் இத்தனை நாள் ஒரு பெண்ணாகப் பார்த்துவந்தோம் என்பது புரியும்போது கிடைக்கும் கைதட்டல், டான்ஸுக்குக் கிடைக்காது.

இருக்கை. சோபா போடாதீர்கள். பட்டுப்புடவையில் வருபவர் சோபாவில் அமிழ்ந்துவிட்டால் எழுந்திருக்கக் கஷ்டம், நிமிர்ந்து பேசவும் வராது. கைப்பிடி உள்ள தனி நாற்காலிகளைப் பிறை வடிவில், ஒருவரையொருவர் பார்க்கும்படி போடுங்கள். நெறியாளர் நடுவில் வேண்டாம், ஒரு ஓரத்தில் இருக்கட்டும். நடுவில் இருந்தால் இரு பக்கமும் மாறி மாறித் திரும்பி, பாதிப் பேருக்கு முதுகைக் காட்டுவார். நெறியாளருக்குப் பக்கத்து நாற்காலி வசனகர்த்தாவுக்கு. அவரைத் தள்ளிப்போட்டால் கேள்வி அவரைப் போய்ச் சேராது, கூட்டம் நாயகியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நாயகி கடைசி நாற்காலியில் இருந்தாலும் எல்லோருடைய கண்ணும் அங்கே போகும், கவலை வேண்டாம்.

மைக்கில்தான் பெரும்பாலான நிகழ்ச்சிகள் கெடுகின்றன. காலர் மைக் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நெக்லஸும் தாலிச் சங்கிலியும் அதில் உரசி கரகரவென்று கேட்கும். பட்டுச் சேலை மடிப்பும் சத்தம் போடும். ஆளுக்கொரு கார்ட்லெஸ் கை மைக் கொடுங்கள். ஐந்து பேருக்கு ஐந்து, நெறியாளருக்கு ஒன்று, பார்வையாளர் பக்கம் இரண்டு, உபரி ஒன்று: மொத்தம் ஒன்பது. இரண்டு மைக்கை ஐந்து பேர் கைமாற்றிக்கொண்டால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் நாலைந்து விநாடி மௌனம் விழும், குறுக்கிட்டுப் பேசும் சுவையும் போய்விடும். அந்தக் குறுக்கீடுகளில்தான் நிஜமான செட்டுக் கதைகள் வெளியே வரும். பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். சவுண்ட் செக் முடிந்ததும் எல்லா மைக்கிலும் புது பேட்டரி போடச் சொல்லுங்கள். மதியம் சோதனைக்குப் போட்டதையே விட்டுவைத்தால் கேள்வி நேரத்தில் ஒவ்வொன்றாக அணையும்.

மைக் கூவுவதற்குக் காரணம் பெரும்பாலும் பாக்ஸ் வைத்த இடம்தான். கூட்டத்தைப் பார்க்கும் ஸ்பீக்கர்கள் மேடை விளிம்புக்கு முன்னாலும், பேசுபவர்கள் அதற்குப் பின்னாலும் இருக்க வேண்டும். அதே சமயம் மேடையைப் பார்த்தபடி ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் கட்டாயம் தேவை. இல்லையென்றால் கீழிருந்து வரும் கேள்வி மேடையில் இருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்காது. அவர்கள் தலையாட்டிச் சிரித்துவிட்டு வேறெதையோ சொல்வார்கள், கேட்டவர் மனம் நொந்து உட்காருவார்.

காட்சி ஓட்டுவதில் மூன்று இடத்தில் தவறு நடக்கும். முதலாவது, இணையத்தில் இருந்து நேரடியாக ஓட்டுவது. அரங்க வைஃபையில் சுற்றிக்கொண்டே நிற்கும், நடுவில் விளம்பரம் வரும். தயாரிப்பு நிறுவனத்திடம் இருந்து கோப்பாக வாங்கி, லேப்டாப்பிலும் பென் டிரைவிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் இருந்து மிக்சருக்கு ஒயர் இழுத்ததும் ‘உம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வரும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். ஆடியோக்காரரிடம் டிஐ பாக்ஸ் (இந்த இரைச்சலைத் தடுக்கும் இணைப்புப் பெட்டி) இருந்தால் சார்ஜரை அப்படியே விடலாம். மூன்றாவது, பின்னணி இசை. வீட்டு டிவிக்குச் செய்த ஒலிக்கலவை பெரிய ஸ்பீக்கரில் வேறு மாதிரி கேட்கும். அந்த இடி போன்ற இசைத் துண்டு நாற்காலியை அதிர வைக்கும், வசனம் அடியில் போய்விடும். பேஸைக் குறைத்து, கடைசி வரிசையில் ஒருவரை நிறுத்தி, வசனம் புரிகிறதா என்று கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். பின்னால் எல்இடி திரை இருந்தால் காட்சி முடிந்ததும் அதன் வெளிச்சத்தை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பதிவு செய்யும் கேமராவில் முகங்கள் எல்லாம் கறுப்பாகத்தான் விழும்.

நெறியாளர் யாராக இருந்தாலும் அந்தத் தொடரில் கடைசி 20 எபிசோடையாவது பார்த்திருக்க வேண்டும். பிரபலமான தொகுப்பாளரை அழைத்து, வண்டியில் வரும்போது கதைச் சுருக்கத்தைப் படிக்கக் கொடுப்பது வீண். தொடரைத் தினமும் பார்க்கும் ஒரு கல்லூரி ஆசிரியையோ நூலகரோ நன்றாகச் செய்வார். பன்னிரண்டு கேள்வி எழுதி வரட்டும். அதில் ஐந்தாறு போனாலே நிறைவு. இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு: மேடையில் யார் எதைச் சொல்லக்கூடாது என்பதை முன்கூட்டியே பின்னறையில் பேசி முடிப்பது. நேற்று இரவு வரை ஒளிபரப்பானதைப் பற்றி மட்டும் பேசலாம் என்ற ஒரு விதி போதும். நாளைக்கு வரப்போகும் திருப்பத்தை யாராவது வாய்தவறிச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் அது யூடியூபில் சிவப்பு அம்புக்குறியோடு வந்து நிற்கும், மறுநாள் அந்த நடிகர் சேனலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி பார்வையாளர் கேள்விகள். மைக்கை நேராகக் கூட்டத்துக்குள் விட்டால் முதல் ஆள், ‘நான் உங்க பெரிய ஃபேன்’ என்று தொடங்கி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, ‘ஒரு செல்ஃபி கிடைக்குமா’ என்று முடிப்பார். அடுத்த பத்துப் பேரும் அதையே கேட்பார்கள். உள்ளே வரும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டும் பென்சிலும் கொடுங்கள். காட்சி ஓடி முடிந்ததும் சீட்டுகளை வாங்கி, பேச்சு நடக்கும்போதே பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்து பிரித்து, பத்தைத் தேர்ந்தெடுத்து நெறியாளருக்கு அனுப்பட்டும். கேள்வியை நெறியாளரே படிக்க வேண்டாம். எழுதியவர் பெயரைச் சொல்லி எழுந்து கேட்கச் சொல்லுங்கள். அவருடைய குரலில்தான் கேள்விக்கு உயிர் இருக்கும். மைக்கைத் தன்னார்வலர் பிடித்துக்கொள்ள வேண்டும், கேட்பவர் கையில் கொடுக்கக்கூடாது. இந்த ஒரு பழக்கத்தாலேயே பாதிச் சொற்பொழிவு குறையும்.

கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: ‘அந்தத் தங்கச்சி பெங்களூரு போனாளே, அப்புறம் காணவே காணோம்?’ பாதியில் விட்டுப்போன டிராக்குகள் நெடுந்தொடரில் சகஜம். 2003 முதல் 2009 வரை ஓடிய கோலங்கள் 1500 எபிசோடைத் தாண்டியது. இத்தனை நீளம் ஓடும் எந்தக் கதையிலும் நடிகர் கிடைக்காமலோ, வியாழக்கிழமை வரும் டிஆர்பி சரியில்லாமலோ ஏதாவது ஒரு கிளை வெட்டப்பட்டுத்தான் இருக்கும். இதற்கு வசனகர்த்தா மழுப்பாமல் பதில் சொன்னால் அரங்கம் அவரை மதிக்கும். விடுபட்ட டிராக்குகள் என்னென்ன என்று நெறியாளர் முன்பே ஒரு பட்டியல் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டால் திகைப்பு இருக்காது.

‘இவருக்குப் பதில் இவர்’ பற்றிய கேள்வியும் வரும். சம்பளத் தகராறோ தேதிப் பிரச்சினையோ காரணமாக விலகியவரைப் பற்றி, அவர் இல்லாத மேடையில் பேச வேண்டாம்; நெறியாளர் அந்தச் சீட்டை எடுக்காமல் விடுவதே முறை. ஆனால் மரணம் வேறு. எதிர்நீச்சல் தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். அன்று காலையும் அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தவர் அவர். பிறகு அந்தப் பாத்திரத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார். இப்படி ஒரு இழப்பைக் கண்ட குழு மேடையில் இருந்தால் மக்கள் அதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள், கேட்பதில் தவறும் இல்லை. ஆனால் முதல் கேள்வியாகவும் கடைசிக் கேள்வியாகவும் வைக்கக்கூடாது. முதலில் வந்தால் யாராலும் மேலே பேச முடியாது. கடைசியில் வந்தால் அந்தக் கனத்தோடு செல்ஃபிக்குப் போக வேண்டியிருக்கும். நடுவில் வையுங்கள். அந்தப் பாத்திரத்துக்கு அதற்குமேல் எழுதும்போது என்ன மாறியது என்று எழுத்தாளரிடம் கேளுங்கள். அது அஞ்சலியாகவும் இருக்கும், தொழில் பேச்சாகவும் இருக்கும்.

வில்லியாக நடிப்பவருக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும். வயதான சிலர் பாத்திரத்தையும் ஆளையும் பிரித்துப் பார்க்காமல், ‘ஏன்டி அந்தப் பொண்ணைப் படுத்துற’ என்று உரிமையோடு அதட்டுவார்கள். அதைப் பெரும்பாலான நடிகைகள் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். கூட்டத்தில் கையைப் பிடித்து இழுப்பதைத்தான் யாரும் தாங்க முடியாது. மேடையின் பக்கவாட்டுக் கதவில் இருந்து வண்டி வரை உள்ள வழியை முன்கூட்டியே நடந்து பாருங்கள். செல்ஃபியைத் தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம். நிகழ்ச்சி முடிந்ததும் மேடையிலேயே குழு நிற்க, வரிசை வரிசையாகப் பார்வையாளர்கள் கீழே வந்து நிற்க, நிகழ்ச்சிப் புகைப்படக்காரர் ஒரே படமாக எடுக்கட்டும். 300 பேருக்கு வரிசைக்கு 20 பேர் வீதம் பதினைந்து படம், இருபது நிமிடத்தில் முடியும். தனித்தனி செல்ஃபி என்று விட்டால் இரண்டு மணி நேரம் ஆகும், மூத்த நடிகர்கள் நின்றே சோர்ந்துபோவார்கள்.

வீடியோ பதிவை வெளியிடும்போது திரையிட்ட காட்சியையும் தொடரின் டைட்டில் பாட்டையும் வெட்டிவிடுங்கள். சேனல் தரப்பே அனுமதி தந்திருந்தாலும், யூடியூபின் தானியங்கி உரிமைச் சோதனை அந்த மூன்று நிமிடத்தைக் கண்டுபிடித்து முழு வீடியோவையும் முடக்கக்கூடும். காட்சி ஓடும் இடத்தில் பார்வையாளர் முகங்களைப் போடலாம். அதற்காகவே ஒரு கேமராவைக் கூட்டத்தைப் பார்த்து வையுங்கள்.

மேடைக்கு வராத சீட்டுகள் இருநூற்றுக்கு மேல் மிஞ்சும். குப்பையில் போட வேண்டாம். ரப்பர் பேண்ட் போட்டு வசனகர்த்தாவிடம் கொடுத்தனுப்புங்கள். வண்டியில் ஏறும்போதே அவர் படிக்க ஆரம்பித்துவிடுவார்.